பொத்தையில் பாறையேற்றம்: பிள்ளையை அனுப்புமுன் பயிற்றுநரிடம் என்ன கேட்க வேண்டும்?

பாளைத்தகப்பன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், அவள் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரை வள்ளியூர்ப் பக்கம் உள்ள ஒரு பொத்தைக்கு (மொட்டைப் பாறைக் குன்று) அழைத்துச் சென்று, ஒரு நாள் முழுவதும் பாறையேற்றமும் கயிற்றில் இறங்குதலும் கற்றுத்தரப்போவதாகப் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. நடத்துபவர்கள் வெளியூரைச் சேர்ந்த ஒரு சாகசக் குழுவினர். மதியச் சாப்பாடு உட்படத் தலைக்கு 900 ரூபாய்.

சுற்றறிக்கையோடு ஓர் ஒப்புதல் படிவமும் இருந்தது. பிள்ளையின் இரத்த வகையைக் கேட்பதற்கு ஒரு வரியும், எது நடந்தாலும் குழுவினர் பொறுப்பல்ல என்று சொல்வதற்குப் பதினொரு வரியும் ஒதுக்கியிருந்தார்கள். கீழே, "சர்வதேசச் சான்று பெற்ற பயிற்றுநர்" என்று ஒருவரின் பெயர். எந்த அமைப்பு, எதற்காக அளித்த சான்று என்ற விவரம் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது அந்தத் தம்பி மரியாதையாகவே பேசினார். மறுநாள் வாட்ஸாப்பில் மூன்று சான்றிதழ்களைப் படம் பிடித்து அனுப்பினார். ஒன்று, வடநாட்டு மலையேற்ற நிறுவனம் ஒன்றில் 2016-இல் அடிப்படைப் பயிற்சி முடித்ததற்கானது. இரண்டாவது, தொழிலகங்களில் கயிற்றில் தொங்கி வேலை செய்வதற்கான முதல் நிலைச் சான்று. மூன்றாவது, இரண்டு மணி நேர முதலுதவி வகுப்பில் கலந்துகொண்டதற்கானது. மூன்றிலும் முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு ஒருவர் என் மகளைக் கயிற்றில் கட்டி ஐம்பது அடி உயரத்தில் நிறுத்தலாமா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நானும் சிறுவயதில் பொத்தையில் வெறுங்காலோடு ஏறி இறங்கியவன்தான். ஆனால் நாங்கள் ஏறியது ஆடு ஏறும் சரிவு. இவர்கள் சொல்வது ஆடும் எட்டிப் பார்க்காத செங்குத்துப் பக்கம். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். மகள் இரண்டு நாளாக என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. பாறையேற்றம் கற்பிக்க நம் நாட்டில் என்ன தகுதி வேண்டும்? கயிறு, கொக்கி பற்றி எதுவும் அறியாத ஒரு பெற்றோர் எதைக் கேட்டு, எதைப் பார்த்து முடிவெடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பை மலைநாடன்:

அண்ணாச்சி, ஓட்டுநர் உரிமம் போல, பாறையேற்றம் கற்பிக்க நாடு முழுவதற்கும் பொதுவான, கட்டாயமான ஒற்றை உரிமம் இந்தியாவில் இல்லை. அதனால்தான் "சர்வதேசச் சான்று" என்ற சொல் இவ்வளவு எளிதாக அச்சேறிவிடுகிறது. நம்மிடம் இருப்பது மலையேற்ற நிறுவனங்கள் நடத்தும் படிப்படியான பயிற்சி. டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்ற நிறுவனமும், உத்தரகாசியில் 1965-இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்ற நிறுவனமும், மணாலியில் உள்ள நிறுவனமும் இதில் பெயர் பெற்றவை. அடிப்படைப் பயிற்சி முதற்படி. அதில் "ஏ" தரம் பெற்றவர்கள் மேல்நிலைப் பயிற்சிக்குச் செல்லலாம். அதிலும் "ஏ" தரம் பெற்றவர்களே கற்பித்தல் முறைப் பயிற்சிக்குச் செல்லலாம். மலையேற்றக்காரர்கள் இதைச் சுருக்கமாக எம்.ஓ.ஐ. என்பார்கள். பிறருக்குக் கற்றுக்கொடுப்பதற்கென்று அமைந்தது இந்த மூன்றாவது படிதான்.

நான் இந்த மூன்றையும் முடித்தவன். ஆகவே அந்தத் தம்பியின் முதல் சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று என்னால் கூற முடியும். அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம் நடக்கும். அதில் பாறையில் கழிவது சில நாட்களே. மற்றவை நடையிலும், பனிச்சரிவிலும், உறைபனியிலும் போய்விடும். உத்தரகாசிக்கு அருகே டெக்லா என்னும் இடத்துப் பாறைகளில் நான் முதன்முதலாக ஏறியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒவ்வொரு நாளும் நாங்கள் போய்ச் சேரும்போது கயிறுகள் மேலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும். இடுப்புவாரில் கயிற்றைக் கட்டினோம், ஏறினோம், இறங்கினோம். அந்தக் கயிறு உச்சியில் எதில், எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதைப் பயிற்சி முடியும்வரை நான் தனியாக ஒருமுறைகூடக் கட்டிப் பார்த்ததில்லை. அது ஆசிரியரின் வேலை. சான்றிதழில் இதையெல்லாம் எழுத மாட்டார்கள். அடிப்படைப் பயிற்சிச் சான்று என்பது "இவர் மாணவராக நன்றாக நடந்துகொண்டார்" என்பதற்கான சான்று. கல்யாண வீட்டில் சாப்பிட்டதற்கு மொய்ச்சீட்டு இருக்கிறது என்பதற்காக ஒருவரைப் பந்திக்குச் சமைக்கச் சொல்ல முடியாதல்லவா, அதுபோலத்தான்.

ஆகவே சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, உச்சியில் கயிற்றைக் கட்டப்போவது யார், எதில் கட்டப்போகிறார் என்று கேளுங்கள். பாறையேற்றத்தில் பிள்ளையின் உயிர் தொங்குவது அந்தக் கட்டில்தான். ஆங்கர் என்று சொல்வார்கள். ஒன்றையொன்று சாராத குறைந்தது இரண்டு பிடிமானங்களில் அதை அமைக்க வேண்டும். ஒன்று பெயர்ந்தாலும் மற்றொன்று தனியே தாங்க வேண்டும். அந்த இரண்டிலிருந்தும் வரும் வார்கள் சேரும் கோணமும் முக்கியம். 60 பாகைக் கோணத்தில் ஒவ்வொரு வாரும் சுமையில் ஏறத்தாழ 58 விழுக்காட்டைத் தாங்கும். 120 பாகைக்கு விரிந்துவிட்டால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். பகிர்ந்துகொள்வதற்காகக் கட்டிய இரண்டாவது வாரால் அப்போது பகிர்வே இல்லை. அதோடு, மேலே உள்ள கட்டு ஏறுபவரின் எடையை மட்டுமல்லாமல், கீழே கயிற்றைப் பிடித்திருப்பவர் இழுக்கும் விசையையும் சேர்த்துத் தாங்குகிறது.

நம் பக்கத்துப் பொத்தைகளில் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெயிலிலும் மழையிலும் காய்ந்து நனைந்து, இந்தப் பாறைகளின் மேற்பரப்பு வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் பிரியும். பார்வைக்கு முழுப்பாறையாகத் தெரியும் இடத்தை ஒரு கல்லால் தட்டினால், சில இடங்களில் "கணீர்" என்று கேட்கும், சில இடங்களில் காலிப் பானையைத் தட்டியது போலப் பொள்ளலாகக் கேட்கும். பொள்ளலாக ஒலிக்கும் அடுக்கில் போல்ட் அடித்தாலும், அதன் இடுக்கில் வாரைச் செருகினாலும், பெயரும்போது அந்த அடுக்கோடு பெயர்ந்து வரும். உச்சியில் வெடிப்புக்குள் வேர்விட்டு நிற்கும் இச்சி மரத்தைக் கண்டதும் கயிற்றைச் சுற்றிவிடும் பழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். பச்சையாக இருக்கிறது என்பதற்காக அது பிடித்திருக்கிறது என்று பொருளல்ல. வேர் போகும் வெடிப்பே அகன்றுகொண்டிருக்கலாம்.

அடுத்தது, நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளையை எப்படிக் கீழே கொண்டுவருவார்கள் என்ற கேள்வி. கயிற்றில் இறங்கும்போது பெண்பிள்ளைகளின் சடை, ரிப்பன், கழுத்துத் துணி ஆகியவை இறங்கும் கருவிக்குள் இழுபட்டுச் சிக்கிக்கொள்வது நிஜமாகவே நடப்பது. தலைமுடி சிக்கிவிட்டால் பிள்ளையால் மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. முழு எடையும் அந்த முடியில் ஏறும். விவரம் தெரிந்த பயிற்றுநர் இறங்கு கயிற்றை, சுமை இருக்கும்போதே தளர்த்தி விடக்கூடிய முடிச்சில் கட்டியிருப்பார். பிள்ளைக்குத் தனியாக ஒரு காப்புக் கயிறும் கட்டி, மேலே வேறொருவர் அதைப் பிடித்திருப்பார். சிக்கினால் இறங்கு கயிற்றைத் தளர்த்திவிட்டு, காப்புக் கயிற்றில் பிள்ளையை இறக்கிவிடலாம். "அப்படி எதுவும் நடக்காது சார், நாங்கள் எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறோம்" என்று பதில் வந்தால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நடந்தால் என்ன செய்வார் என்பதை இரண்டு நிமிடம் கையை ஆட்டி விளக்கினால், அவர் அதைச் செய்து பார்த்தவர்.

காற்றாலைக் கயிற்றுக்காரன்:

இரண்டாவது சான்றிதழைப் பற்றி நான் சொல்கிறேன், அது என் தொழில். ராதாபுரம், காவல்கிணறு வட்டாரத்தில் காற்றாலை இறக்கைகளைக் கயிற்றில் தொங்கியபடி பழுது பார்ப்பவன் நான். எங்கள் துறையில் பரவலாக ஏற்கப்படும் ஐராட்டா சான்று மூன்று நிலைகளைக் கொண்டது. முதல் நிலைக்கு நான்கு நாள் பயிற்சியும் அதன்பின் ஒரு நாள் மதிப்பீடும். முதல் நிலைக்காரர் மூன்றாம் நிலை மேற்பார்வையாளர் இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யலாம். பிறரை மேற்பார்வை செய்ய அவருக்கு உரிமை இல்லை. இரண்டாம் நிலைக்குப் போக ஓராண்டும், கயிற்றில் 1,000 மணி நேர வேலையும் பதிவேட்டில் இருக்க வேண்டும். சான்று மூன்று ஆண்டுக்கு மட்டுமே செல்லும். அந்தத் தம்பியின் சான்றில் உள்ள தேதியை முதலில் பாருங்கள்.

தேதி சரியாகவே இருந்தாலும், அது வளர்ந்த தொழிலாளி, ஆளுக்கு இரண்டு கயிறு, பழகிய இரும்பு அமைப்பு என்ற சூழலுக்கான சான்று. பதினான்கு வயதுப் பிள்ளை பாறையில் கால் நடுங்கி நிற்கும்போது என்ன பேச வேண்டும் என்று எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கயிறுகூட வேறு. நாங்கள் பயன்படுத்துவது அதிகம் நீளாத கயிறு, இ.என். 1891 என்ற ஐரோப்பியத் தரம். மேலிருந்து கயிறு கட்டி ஏறுவதற்கு இது பொருந்தும். முதலில் ஏறுபவர் கயிற்றைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு போகும் முறையில் இதைப் பயன்படுத்தினால், விழும்போது ஏற்படும் அதிர்ச்சியைக் கயிறு உள்வாங்காது. உடம்பும் ஆங்கரும் வாங்கிக்கொள்ளும். அதற்கு இ.என். 892 தரத்தில் உள்ள, நீண்டு கொடுக்கும் கயிறு வேண்டும். இந்த எண்கள் கயிற்றின் நுனியில் உள்ள பட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். பட்டையே இல்லாத கயிறானால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். லாரியில் மூட்டை கட்டும் பாலிபுரோப்பிலீன் கயிற்றை, "இது டன் கணக்கில் தாங்கும்" என்று சொல்லிப் பயன்படுத்துபவர்களைக் கண்டிருக்கிறேன். அது வெயிலில் நொய்ந்துபோகும். உராய்வுச் சூட்டில் நைலானுக்கு வெகு முன்னரே உருகிவிடும்.

கொக்கியின் முதுகிலும் எண் பொறித்திருக்கும். பாறையேற்றக் கொக்கி நெடுக்குவாட்டில் குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டு டன் எடை. அதே கொக்கி குறுக்காகத் திரும்பிவிட்டாலோ வாய் திறந்திருந்தாலோ அதில் மூன்றில் ஒரு பங்கே தாங்கும். அதனால்தான் வாயைத் திருகிப் பூட்டும் கொக்கி, பூட்டியபின் விரலால் அழுத்திப் பார்ப்பது என்ற வழக்கமெல்லாம். தலைக்கவசத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டட வேலைத் தொப்பியின் தாடைவார் எங்காவது மாட்டினால் அறுத்துக்கொண்டு விடும்படி செய்யப்பட்டது. பாறையேற்றத் தலைக்கவசத்தின் வார் விழும்போதும் கழலாமல் நிற்கும்படி செய்யப்பட்டது. இரண்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும், நிறமும் ஒன்றாகவே இருக்கும்.

என் அப்பா உடன்குடிப் பக்கம் பனையேறியவர். விடியுமுன், முதல் மரத்தில் கால் வைப்பதற்கு முன்னால், காலில் மாட்டும் தளைநாரை இரண்டு கையாலும் முறுக்கி, வளைத்து, ஈரம் போதுமா என்று பார்ப்பார். நேற்றுப் பார்த்தோமே என்று ஒரு நாளும் விட்டதில்லை. அவரிடம் சான்றிதழ் கிடையாது. ஆனால் தன் நாரைத் தானே பார்க்காமல் இன்னொருவனை மரத்தில் ஏற்றியிருக்க மாட்டார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பொத்தையில் நடந்த கயிறிறங்கும் முகாமை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். எந்தக் குழு என்பது வேண்டாம். கயிறு பாறை விளிம்பின் மேல் நேராக உராய்ந்துகொண்டிருந்தது. ஒரு சாக்கைக்கூட மடித்து வைக்கவில்லை. பதினைந்து இருபது பேர் இறங்கியபின் கிட்டே போய்ப் பார்த்தேன். கயிற்றின் வெளியுறை இரண்டு விரற்கடை நீளத்துக்குப் பஞ்சாகப் பிரிந்து, உள்ளே இருக்கும் வெள்ளை இழைகள் தெரிந்தன. நடத்தியவரிடம் காட்டினேன். அவர் கயிற்றைத் தலைகீழாக மாற்றிக் கட்டச் சொன்னார். அதாவது, அந்தப் பிரிந்த இடம் இப்போது கீழே தரைக்கு அருகில் இருக்குமாம்! கூட்டத்தில் குரலை உயர்த்திச் சண்டை போட்ட பிறகுதான் நிறுத்தினார்கள். அவரிடமும் முத்திரை வைத்த சான்றிதழ் இருந்தது.

திசையன்விளையான்:

எல்லாரும் சேர்ந்து அந்தப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைக்கப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நாமெல்லாம் குளத்தில் நீச்சல் கற்றது யாருடைய சான்றிதழின் பேரில்? மாமா முதுகில் ஒரு தள்ளு தள்ளினார், தண்ணீர் குடித்தோம், மிதந்தோம். இத்தனை கேள்வி கேட்டால் எந்தக் குழுவும் நம் ஊர்ப் பக்கம் வராது. பிறகு பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

காற்றாலைக் கயிற்றுக்காரன்:

உங்கள் ஆதங்கம் நியாயமானதுதான். பிள்ளைகள் பாறையில் ஏற வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் அந்த மாமா தலைக்கு 900 ரூபாய் வாங்கவில்லை, தள்ளியவுடன் தானும் குதித்தார், ஒரே நேரத்தில் 32 பேரைத் தள்ளவில்லை. தண்ணீரில் தவறினால் எட்டிப் பிடிக்கச் சில நொடிகளாவது கிடைக்கும். ஐம்பது அடிப் பாறையில் முடிச்சு தவறாக இருந்தால் எட்டிப் பிடிக்க ஒன்றுமில்லை.

நாட்டிங்காம் நெல்லைப்பெண்:

சொந்த ஊர் முக்கூடல். இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன், ஐந்தாறு ஆண்டுகளாக வாரக்கடைசிகளில் பாறையேறுகிறேன். இங்கே பாறையேற்றப் பயிற்றுநர் தகுதிக்கான பயிற்சியை முடித்துவிட்டு, மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கிறேன். என் நிலையையே உங்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்: என்னிடம் பயிற்சியில் கலந்துகொண்ட பதிவு இருக்கிறது, தகுதி இல்லை. பயிற்சி வேறு, மதிப்பீடு வேறு. இடையில் நானே முன்னேறிச் சென்ற ஏற்றங்களையும், பிறர் கற்பிக்கும்போது உடன் நின்று உதவிய நாட்களையும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். 16 மணி நேர முதலுதவிச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். இரண்டு மணி நேர வகுப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. ஆகவே எந்தத் தாளைக் காட்டினாலும், "இது கலந்துகொண்டதற்கா, தேறியதற்கா?" என்று கேளுங்கள். பாதி மயக்கம் அங்கேயே தெளிந்துவிடும்.

இன்னொன்று, தகுதியின் எல்லை. நான் பெறப்போகும் தகுதி ஒரே கயிற்று நீளத்தில் முடிந்துவிடும் குட்டைப் பாறைகளுக்கு மட்டுமே செல்லும். இடையில் நின்று மறுபடி கயிறு கட்டி ஏற வேண்டிய உயரமான பாறைகளில் பிறரை அழைத்துச் செல்ல இன்னும் மேலான தகுதி வேண்டும். உள்ளரங்கச் சுவரில் மட்டும் கற்பிப்பதற்குத் தனித் தகுதியே இருக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ செயற்கைச் சுவரில் கெட்டிக்காரராக இருப்பவர், அந்தக் கெட்டித்தனத்தோடு பொத்தைக்கு வந்தால் போதாது. சுவரில் ஆங்கரை வேறு யாரோ அடித்து வைத்திருக்கிறார்கள், பிடிகள் கழன்று தலையில் விழுவதில்லை, தேன்கூடும் இல்லை.

இந்த ஒழுங்கெல்லாம் இங்கேயும் தானாக வந்ததல்ல. 1993-இல் லைம் விரிகுடாவில் படகுப் பயிற்சிக்குச் சென்ற பள்ளி மாணவர்கள் நால்வர் இறந்தார்கள். அதன்பின் 1995-இல் ஒரு சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பணம் பெற்று இத்தகைய சாகசப் பயிற்சி நடத்துவோர் உரிமம் பெற வேண்டும் என்றானது. அதில் பாறையேற்றமும் அடங்கும்.

படிவத்தின் பதினொரு வரிகளைப் பற்றி: கவனக்குறைவால் நேரும் சாவுக்கும் காயத்துக்கும் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு தப்பிக்க இங்கே 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் படிவத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, அந்தக் குழுவின் காப்பீட்டு ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். பாறையேற்றம் என்ற சொல் அதில் இருக்கிறதா, விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணிக்கையையும் விடாதீர்கள். என் கருத்தில் 32 பிள்ளைகளுக்கு ஒரு பயிற்றுநர் என்பது ஏற்கவே முடியாதது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு கயிறுகளுக்கு மேல் கண் வைக்க முடியாது. கீழே கயிறு பிடிப்பதைப் பிள்ளைகளிடமே விடுவார்களானால், பிடிப்பவருக்குப் பின்னால் கயிற்றின் வாலைப் பிடித்து இன்னொருவர் நிற்க வேண்டும். கயிற்றின் கடைசி நுனியில் ஒரு முடிச்சும் இருக்க வேண்டும். கயிறு நீளம் போதாமல், நுனி கருவிக்குள் நழுவிப்போய் ஏறியவர் விழுவது அனுபவசாலிகளுக்கும் நடக்கிறது. அந்த முடிச்சுப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

களக்காட்டுக் குருவி:

கயிற்றைப் பற்றி எனக்குத் தெரியாது. பறவை பார்ப்பதற்காகப் பொத்தை பொத்தையாக அலைபவன். தேனீயைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. செங்குத்துப் பாறையின் நெற்றியில், மழை படாத துருத்தலுக்கு அடியில், மலைத்தேனீ ஒற்றை அடையாகக் கூடு கட்டும். கீழிருந்து பார்த்தால் பாறையில் கறை படிந்தது போலத்தான் இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்தக் கறை அலை அலையாக அசையும். கூச்சல், புகை, வாசனைத் தைலம் எல்லாம் அவற்றைக் கிளப்பிவிடும். தரையில் இருப்பவன் ஓடலாம். கயிற்றில் கட்டப்பட்ட பிள்ளை ஓட முடியாது. ஆகவே குழுவினர் முந்தின நாளே, முடிந்தால் அதே வாரத்தில், அந்தப் பாறையைச் சுற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். போன வருடம் இல்லாத கூடு இந்த வருடம் இருக்கும்.

இடம் யாருடையது என்பதும் கேட்க வேண்டியது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பாறைகளில் வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்கக்கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு, வனப்பகுதி மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு விதிகள் வகுத்தது. மறுகால்தலை போலச் சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் உள்ள குன்றுகளில் ஆணி அடிப்பதைப் பற்றிப் பேச்சே கூடாது. கைவிடப்பட்ட கல்குவாரியின் சுவரைக் காட்டி "அருமையான செங்குத்து" என்று யாராவது சொன்னால், அது வெடி வைத்துப் பிளந்த பாறை என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே எத்தனை கீறல் என்று யாருக்கும் தெரியாது.

அரையாண்டு விடுமுறை என்றால் மார்கழி. காலை எட்டரை மணி வரை பாறையில் பனி ஈரம் இருக்கும், பாசி படிந்த கறுப்புப் பட்டைகள் சோப்புப் போல வழுக்கும். வடகிழக்குப் பருவமழையும் முற்றிலும் ஓய்ந்திருக்காது. இடி முழக்கம் கேட்டவுடன் மொட்டைப் பாறையின் உச்சியை விட்டு எல்லாரும் இறங்கியாக வேண்டும், பணம் கட்டியாயிற்று என்று காத்திருக்கக்கூடாது. பொத்தை அடிவாரம் வரை ஆம்புலன்ஸ் வருமா, உடைமரக் காட்டு ஒற்றையடிப் பாதைதானா என்பதையும் பார்த்து வையுங்கள்.

பாளைத்தகப்பன்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. திசையன்விளை அண்ணாச்சி சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்பதால், மறுக்கும் எண்ணத்தோடு போகாமல் கேட்கும் எண்ணத்தோடு போனேன். நேற்று மாலை பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரையும் அந்தத் தம்பியையும் நேரில் சந்தித்தேன். நீங்கள் எழுதியவற்றை ஒரு தாளில் குறித்து எடுத்துச் சென்றிருந்தேன்.

தொழிற்சாலைச் சான்று காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். உச்சியில் கட்டுவது யார் என்று கேட்டபோது சற்றுத் தயங்கிவிட்டு, தான் அல்ல, தங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் என்றார், அவர் எம்.ஓ.ஐ. முடித்தவராம், ஆனால் அந்த நாளில் வேறு முகாம் இருப்பதால் வரமாட்டாராம். அப்படியானால் அன்று யார் கட்டுவார் என்று உடற்கல்வி ஆசிரியர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. சடை சிக்கினால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, கத்தியால் வெட்டிவிடுவோம் என்றார். இறுகிய கயிற்றுக்குப் பக்கத்தில் கத்தியா என்று நான் கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட பிள்ளையில்லை. இதையெல்லாம் இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

முடிவு இது: மூத்தவர் வரக்கூடிய தேதிக்கு நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பிள்ளைகள்தான். கயிற்றில் இறங்குவது இம்முறை இல்லை, மேலிருந்து கயிறு கட்டி ஏறுவது மட்டும். காப்பீட்டு ஆவணம் வந்தபிறகுதான் படிவத்தில் கையெழுத்து. மகளிடம் சொன்னேன். தேதி தள்ளிப்போனதில் கோபம். முதல் பன்னிரண்டில் தன் பெயர் இருக்கிறதா என்று கேட்டாள். அவ்வளவு பேசியதே போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் இல்லாமல், அந்த மூத்தவரும் உடற்கல்வி ஆசிரியரும் நானும் பொத்தைக்குப் போய்ப் பார்க்கிறோம். காற்றாலைத் தம்பிக்கு அன்று ஓய்வு இருந்தால் உடன் வர இயலுமா? கல்லைத் தட்டினால் எனக்கு எல்லாம் ஒரே ஓசையாகத்தான் கேட்கும்.

காற்றாலைக் கயிற்றுக்காரன்:

வருகிறேன் அண்ணாச்சி. மார்கழியில் காற்று ஓய்ந்துவிடும், எங்களுக்கு அதுதான் பழுது பார்க்கும் பருவம். இருந்தாலும் ஞாயிறு விடுப்பு உண்டு. வள்ளியூர் பேருந்து நிலையத்தில் ஏழு மணிக்கு நிற்பேன். பனி உலருமுன் ஏறிவிட வேண்டாம், குருவிக்காரர் சொன்ன கறுப்புப் பட்டைகள் ஈரத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக் குறித்துவிட்டு, வெயில் ஏறியபின் மேலே போகலாம். அவர்களுடைய கயிறு முழுவதையும் கொண்டுவரச் சொல்லுங்கள், தரையில் விரித்து முழம் முழமாகத் தடவிப் பார்க்க அரை மணி நேரம் வேண்டும்.